ஒரு கட்டிலுக்கு எத்தனை பேர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்கும் கௌரவமாக இருக்கும். உண்மையில் பயம்தான். எழுதினால் யாராவது படிப்பார்கள், யாரிடமாவது சொல்வார்கள், அது சுற்றி, கல்லூரியை நடத்துகிற எங்கள் கரஸ்பாண்டெண்ட் காதுக்குப் போகும், அவர் என்னைக் கூப்பிடுவார். இப்படி யோசித்தே பல மாதம் பேனாவைத் தொடாமல் இருந்தேன். மேடம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கல்லூரியில் ஏகப்பட்ட மேடம்கள். ஆள் தெரியாது.

கல்லூரி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கத்துக் காம்பவுண்டில் காருக்கு பிரேக் செய்கிறார்கள், இன்னொரு பக்கத்தில் கண்ணாடி செய்கிறார்கள், நடுவில் நாங்கள் இன்ஜினியர் செய்கிறோம். நான் கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டர். லேப்பைத் திறப்பது, பூட்டுவது, ஏ.சி. ரிமோட்டை ஒளித்து வைப்பது, விருந்தாளி வந்தால் டீ கொடுப்பது, தபால் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகக் கையெழுத்து வாங்குவது. மென்பொருள் துறைக்கு என் பங்களிப்பு இவ்வளவு.

மேடம் நடத்தியது என்ன பாடம் என்று ஒருநாள் கேட்டேன். பத்தாவதைப் பாதியில் விட்டவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். ஒரு சாஃப்ட்வேர் எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்தைப் படமாகப் போட வேண்டுமாம். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் பெட்டி, பெட்டிக்கும் பெட்டிக்கும் கோடு, கோட்டின் இரண்டு முனையிலும் எண். ஒரு பஸ்ஸுக்கு எத்தனை டிரைவர், ஒரு டிரைவருக்கு எத்தனை பஸ். "அந்த நம்பர் தப்பாச்சுன்னா மொத்தமும் தப்புண்ணா," என்றார். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி என்று நான் சொன்னதற்கு, அப்படியும் சொல்லலாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

அவருடைய குணம் ஒன்றுதான். முதல் பதிலை வாங்கிக்கொள்ளவே மாட்டார். நாம் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார், சிரிப்பார், பிறகு அதே கேள்விக்கு வேறு சட்டை போட்டு அனுப்புவார். இரண்டாவது பதிலுக்கும் அதே சிரிப்பு. மூன்றாவதில்தான் ஆளை விடுவார். கோபமாகக் கேட்டால் நாமும் கோபப்பட்டுத் தப்பித்துவிடலாம். இவரோ காய் வாங்கி முடித்துவிட்டுக் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்கிற குரலில் கேட்பார். யாரால் மறுக்க முடியும்?

காலையில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கல்லூரி பஸ். வழுக்கிக்கொண்டே போகிறதே, டயர் மாற்றவில்லையா என்று டிரைவரிடம் கேட்டார். போன வாரமே மாற்றியாகிவிட்டது என்றார் அவர். எந்த டயர் என்றார் மேடம். பின்னாடி டயர். "பின்னாடி நாலு கீதேண்ணா, அதுல எது?" டிரைவர் ஹாரனை அடித்தார். நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். மாற்றினார். அதன் பிறகு மேடம் ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி பாவனை. ஓடுகிற பஸ்ஸாக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை அவரே சொன்னார். மாப்பிள்ளை ஒரு பெரிய கார் கம்பெனியில் மேனேஜர் என்று தரகர் சொல்லியிருந்தார். மேடம் காபியைக் கொடுத்துவிட்டு, எத்தனை பேருக்கு மேனேஜர் என்று கேட்டிருக்கிறார். டீம் சின்னது என்றார்கள். சின்னது என்றால்? இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை என்றார்கள். வேலைக்குப் போவது கம்பெனியின் எந்த கேட் வழியாக என்று மூன்றாவதாகக் கேட்டதில், கார் கம்பெனிக்கு ஸ்க்ரூ கொடுக்கிறவருக்கு ஸ்க்ரூ கொடுக்கிற இடம் என்று வெளியே வந்தது. வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். "பையன் நல்ல பையன்தாண்ணா," என்றார் என்னிடம். "கேட்டவொடனே சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பேன்."

என்னிடமும் கேட்டார். ஏன் படிப்பை விட்டீர்கள்? எனக்கு அதற்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு: குடும்பக் கஷ்டம். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன் என்றதும் எல்லோரும் அதை நம்பி, பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மேடம் சிரித்தார். என்ன கஷ்டம்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. யார் விடச் சொன்னது? யாரும் விடச் சொல்லவில்லை. பரீட்சை எழுதினால் ஃபெயில் ஆகிவிடுவேனோ என்று பயந்து, ஃபெயில் ஆவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாத விஷயத்தை, ஏ.சி. சர்வீஸ்காரர் வருகிற நேரத்துக்குள் சொல்லி முடித்திருந்தேன்.

இப்படிப்பட்டவர் பணியில் நிரந்தரம் ஆகாமல் இரண்டு வருடமாக டெம்பரவரியாகவே இருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? டெம்பரவரிக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் வீடு ஓடுவது இவர் சம்பளத்தில். அந்த வருடம் கல்லூரியைத் தரம் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. குழு திருப்தியாகப் போனால் நிரந்தர ஆர்டர் என்று கரஸ்பாண்டெண்ட் வாயாலேயே சொன்னார். ஆர்டர் டைப் ஆகி ஆபீஸில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த ஃபைலை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தவன் நான்தான். கைபட்டுக் கிழிந்துவிடுமோ என்று பயந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன்.

இதற்கு நடுவில் கல்லூரிக்கு ஏ.ஐ. வந்தது. கரஸ்பாண்டெண்ட் ஏதோ ஒரு விழாவுக்குப் போய்விட்டு வந்தார்; மறுநாள் கேட்டில் 'ஏ.ஐ. வழிக் கல்வி' என்று போர்டு. அதற்கு அப்புறம்தான் ஏ.ஐ. என்றால் என்ன என்று ஸ்டாஃப் மீட்டிங் போட்டார்கள். எல்லா ஆசிரியரும் சாட்பாட்டை வைத்துப் பயிற்சி தயாரித்துக் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று சர்க்குலர். நான்தான் சுற்றிக் கையெழுத்து வாங்கினேன்.

மேடம் உட்கார்ந்து, படம் போடப் பயிற்சி கொடு என்று சாட்பாட்டிடம் கேட்டார். நூலகத்தைக் கொடுத்தது. வேறு? மருத்துவமனை. வேறு? ஏ.டி.எம். இந்தியா முழுக்கப் பிள்ளைகள் வரைந்து தள்ளிய அதே மூன்று. ஒவ்வொரு முறையும் 'அருமையான கேள்வி!' என்று பாராட்டிவிட்டு அதையே வேறு பெயரில் கொடுத்தது. பிள்ளைகளும் சும்மா இல்லை. நூலகத்தை அப்படியே எடுத்து இன்னொரு சாட்பாட்டில் போட்டார்கள். நான் தண்ணீர் கேனை மாற்றுவதற்குள் படம் வந்துவிட்டது. கேள்வி போட்டதும் மெஷின், விடை போட்டதும் மெஷின். மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொண்டது நான். பிள்ளைகள் ஹாஜர் கொடுத்தார்கள்.

மேடம் ஒரு வாரம் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார். மெஷின் பயிற்சி எழுத வேண்டாம். மெஷினே ஆளாக நடிக்கட்டும். ஒரு தங்கும் விடுதி ஓனராக நடிக்கட்டும். பிள்ளைகள் அந்த ஓனரிடம் கேள்வி கேட்டு, விஷயத்தைக் கறந்து, அப்புறம் படம் போடட்டும். முதல் நாள் ஓனர் இப்படிப் பேசினார்: 'வணக்கம்! எங்கள் விடுதியில் தங்குவோரின் மகிழ்ச்சியே எங்கள் முதன்மை நோக்கம். தங்களுக்கு எவ்வாறு உதவட்டும்?' நான் பிள்ளைப்பாக்கத்தில் வாடகை ரூமில் இருப்பவன். இந்த ஏரியாவில் அப்படிப் பேசிய ஓனர் ஒருவரும் இல்லை என்று சத்தியம் செய்வேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"அண்ணா, உங்க ரூம்ல எத்தினி பேரு?" என்றார் மேடம்.

நாலு கட்டில் என்றேன்.

"கட்டில் நான் கேக்கல. பேரு."

ஃபேமிலி ஊரில் இருக்கிறது, நான் தனியாகத்தான் என்று எதையோ உளறினேன். மூன்றாவது தடவை கேட்டார். எட்டுப் பேர் என்றேன்.

ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருவருக்குப் பகல் வேலை, ஒருவருக்கு நைட் ஷிப்ட். நான் காலையில் எழுந்து கிளம்பினால், பிரேக் கம்பெனியில் நைட் முடித்த திருநெல்வேலிப் பையன் வந்து அதே கட்டிலில் படுப்பான். ஒன்றரை வருடமாக ஒரே கட்டிலில் இருக்கிறோம்; ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முகம் பார்த்திருக்கிறேன். தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறான் என்று நன்றாகத் தெரியும். சண்டை வராமலிருக்க ஓனர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்: கட்டிலுக்கு மேலே சுவரில் இரண்டு ஆணி, நீலப் பெயின்டில் 12A, 12B; கட்டிடம் முழுக்க எண்ணினால் எங்களுடையது பன்னிரண்டாவது கட்டில். என் போர்வை A-யில், அவன் போர்வை B-யில். அந்த நம்பரைப் பெயின்ட் டப்பாவோடு வந்து தன் கையாலேயே எழுதியவர் ஓனர். அதில் அவருக்குத் தனிப் பெருமை.

ஓனர் யார் என்றார் மேடம். ஒரு பெரிய மனிதர் என்றேன். எந்த ஊர்ப் பெரிய மனிதர்? இந்தப் பக்கம்தான். மூன்றாவது கேள்விக்குக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். பத்திரம் அவருடைய மச்சான் பெயரில் இருக்கிறது. ஆணிக்கு நம்பர் எழுதியது நம்முடைய கரஸ்பாண்டெண்ட்.

மேடம் சிரிக்கவில்லை. மெஷின் ஓனருக்கு என் ரூமையே கொடுத்தார்; ஊரை மட்டும் இருங்காட்டுக்கோட்டை என்று மாற்றினார். நாலு கட்டில் ரூமை நாற்பது கட்டில் விடுதி ஆக்கினார். ஆணியையும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "அது மட்டும் இருக்கட்டும்ணா. மெஷினு ஆயிரம் வருஷம் யோசிச்சாலும் அதுக்கு ஆணி தோணாது," என்றார். எவ்வளவு விவரமானவருக்கும் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்துப்போனால் விவரம் போய்விடுகிறது. அன்றிலிருந்து கரஸ்பாண்டெண்டைக் கண்டால் வேறு படியில் இறங்கினேன்.

ஓனருக்கு அவர் எழுதிய விதி இதுதான்: பொய் சொல்லக் கூடாது, கேட்காததைச் சொல்லவும் கூடாது, ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல். விதியை மெஷின் உடனே பிடித்துக்கொண்டது. மரியாதையை மறக்கடிக்கத்தான் ஒரு வாரம் ஆனது. திட்டிக்கொண்டே வந்து கடைசியில் 'தங்கள் கேள்விக்கு நன்றி' என்று முடிக்கும். மேடம் தலையில் கை வைத்துக்கொள்வார். மனிதர்களிடம் மரியாதை வரவைக்கப் பாடுபடுகிற ஊரில் இப்படி ஒரு பாடு.

வகுப்பில் எல்லோரும் கட்டில் நாற்பது என்று கேட்டதோடு திருப்தியாகி, ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள் என்று கோடு போட்டார்கள். ஒரு பெண் மட்டும், அவள் அண்ணன் ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறவன், பகலில் ரூம் பூட்டியிருக்குமா என்று கேட்டாள். ஓனர் எரிந்து விழுந்தார். அவள் விடவில்லை. மூன்றாவது கேள்விக்கு உண்மை வந்தது. கட்டில் பெட்டியிலிருந்து போகிற கோட்டின் முனையில் 2 என்று அவள் போட்டதை மேடம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி இரண்டு பேருக்கு விடுவது சட்டப்படி சரியா என்று ஒருவன் கேட்டான். அதை லா காலேஜில் போய்க் கேள், இங்கே எத்தனை என்று மட்டும் சரியாகப் போடு என்றார்.

குழு வந்தது. ஒரு வயதான பேராசிரியரும் இரண்டு துணைக்காரர்களும். நூலகத்தை மட்டும் காட்டினால் போதும் என்று துறைத் தலைவர் மேடத்திடம் சொல்லி வைத்திருந்தார். கரஸ்பாண்டெண்ட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, அந்த மெஷினைத் தானே பெற்ற மாதிரி உட்கார்ந்திருந்தார். நூலகம் ஓடியது. பேராசிரியர் கொட்டாவியை டீ டம்ளரால் மறைத்தார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இன்றைக்கு இவ்வளவுதான் சார் என்றார் மேடம். எனக்கு உயிர் வந்தது.

"வேற ஒண்ணுமே இல்லையாம்மா?" என்றார் பேராசிரியர்.

மறுபடி கேட்டுவிட்டார். அந்த வினாடி மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டத்தில் கண்டுபிடித்த முகம். பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டே மேடத்தைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். பிஸ்கட் இரண்டு கீழே விழுந்தது. மேடம் விடுதியைத் திறந்தார்.

பேராசிரியர் ஒரு விரலால் தட்டினார். எத்தனை பேர் தங்குகிறார்கள்? 'நாப்பது கட்டில் கீது சார்.' கரஸ்பாண்டெண்ட் தொடையைத் தட்டிச் சிரித்தார், நம்ம ஊர்க்காரன் மாதிரியே பேசுகிறது என்று. நாற்பது பேர்தானா? 'கட்டில் நாப்பதுன்னு சொன்னேனே சார், தமிழ்லதானே சொன்னேன்?' இன்னும் பெரிய சிரிப்பு. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நைட் ஷிப்ட் ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று தட்டினார்.

'அதே கட்டில்லதான் சார். காலைல ஒர்த்தன் எந்திரிச்சுப் போனா இன்னொர்த்தன் வந்து படுக்கறான். கட்டில் சும்மா கெடந்தா எனக்கு இன்னா லாபம்? சண்டை வராது சார். செவுத்துல ஆணி அடிச்சு A, B-ன்னு நம்பர் போட்டுக்கீறேன்.'

கரஸ்பாண்டெண்டின் வாய் சிரித்த நிலையிலேயே இருந்தது. சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

பேராசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இத்தனை கல்லூரி பார்த்தேன், இந்த ஆணி மாதிரி ஒன்று பார்த்ததில்லை என்று எழுந்து நின்று கை கொடுத்தார். யாருக்கு? கரஸ்பாண்டெண்டுக்கு.

குழுவின் வண்டி கேட்டைத் தாண்டியதும் கரஸ்பாண்டெண்ட் லேப்புக்குத் திரும்பி வந்தார். மேடமும் துறைத் தலைவரும் நின்றிருந்தார்கள். நான் டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சாதாரணமாக ஒரே நடையில் எடுத்துவிடுகிற டம்ளரை அன்றைக்கு ஒவ்வொன்றாக.

"இன்னா மேடம், அந்த ஆணி மேட்டரு. யாரு சொன்னது உங்களுக்கு?"

எடுத்த டம்ளரையே மறுபடி மேசையில் வைத்தேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல சார். மெஷினே எழுதிச்சு."

நான் அவரை அறிந்த காலத்தில் அவர் சொன்ன ஒரே பொய். இரண்டாவது கேள்வி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. வரவில்லை. கேட்டில் போர்டு வைத்தவரல்லவா, மெஷின் என்றதும் அப்படியே நம்பிவிட்டார். கம்ப்யூட்டரை மெச்சிக்கொண்டு பார்த்தார். பரவாயில்லையே, நம்ம மூளை மாதிரியே ஓடுதே என்றார். ஆணியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

பிழைத்தோம் என்று நினைத்தேன். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் ஆபீஸில் ஒரு கவரைக் கொடுத்து, மேடத்திடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். மேசையில் நான் கொண்டுபோய் வைத்த ஆர்டர் அப்படியே கிடந்தது, கையெழுத்து இல்லாமல்.

கவரில் இருந்ததை மேடம் சத்தமாகவே படித்தார். பயிற்சிகளை ஏ.ஐ. தானாகவே தயாரிப்பது குழுவின் முன்னிலையில் நிரூபணம் ஆகிவிட்டபடியால், தங்கள் பணியிடம் இனித் தேவைப்படவில்லை. இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி. கடைசி வரி வந்ததும் லேசாகச் சிரித்தார்.

தபால் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் நகரவில்லை. ஆணியை மெஷின் எழுதவில்லை, மேடம் உட்கார்ந்து எழுதியது என்று ஒருவர் போய்ச் சொன்னால் அந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. சொல்லக்கூடிய ஒருவர் உலகத்தில் இருந்தார். அவர் போர்வை 12A-யில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், நா போயி சொல்லிரட்டுமா? நாந்தேன் சொன்னேன், நீங்கதான் எழுதுனீங்கன்னு."

"வேணாம்ணா. உங்க கட்டில் போயிடும்."

அவரிடம் எதையும் எத்தனை தடவை கேட்க வேண்டும் என்று அந்தக் கல்லூரியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டாவது தடவை கேட்காமல் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். சரிங்க மேடம் என்றேன்.